ஆடிக்காற்றில் அளந்த மைலேஜ்

தம்பி,

கடை திறப்புக்கு நீ அனுப்பிய அழைப்பை உன் அம்மா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். நாலு தடவை படித்தேன். வெள்ளிக்கிழமை காலை என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காரில் மாட்ட நீ செய்த புதுப் பெட்டியின் பொத்தானை என் கையால் அமுக்கவைத்து, அதை வீடியோ எடுக்கப் போகிறாயாம். 'எரிபொருள் சிக்கனத்தின் முன்னோடி' என்று என் பேருக்கு முன்னால் வேறு போட்டிருக்கிறாய். சர்க்கரை மாத்திரையும் முட்டுக்குத் தைலமுமாக நாளை ஓட்டிக்கொண்டிருக்கிறவன் முன்னோடியாம். உன் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனில் இரண்டு தரம் சொல்ல வாயெடுத்தேன். நீ போர்டு எழுதுகிற ஆளோடு பேசிக்கொண்டே என்னோடும் பேசினாய், நேரில் வந்து பேசிக்கிடலாம்ப்பா என்று வைத்துவிட்டாய். நேரில் வந்து, நாலு பேருக்கு நடுவில் சொல்கிற விஷயம் இல்லை இது. எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று, கோணல்மாணலாக இருக்கும். ஆனாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

நீ விற்கப்போகிற பெட்டியில் இருக்கிற சங்கதி என் சங்கதிதான், அதில் சந்தேகமில்லை. கார் ஓடும்போது டைனமோவைச் சுற்றுவதும் என்ஜின்தான். டைனமோ சும்மா சுற்றாது, மின்சாரம் எடுக்கிற அளவுக்கு என்ஜினைப் பிடித்து இழுக்கும். பகலில் லைட்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பேட்டரியும் நிறைந்திருக்கிறது, பிறகு எதற்கு அந்தச் சுமை என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. அப்போது நம்மிடம் அந்த வெள்ளை அம்பாசிடர் டீசல் வண்டி. டைனமோவுக்குப் போகிற சின்ன வயர் ஒன்றை வெட்டி, நடுவில் ஒரு சுவிட்சு வைத்து, அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே பொருத்தினேன். பகலில் அமத்திவிட வேண்டியது. பொழுது சாய்ந்தாலோ மழை வந்தாலோ திருப்பிப் போட வேண்டியது. எட்டாவதோடு நின்றவன் நான். வயரிங் வேலை முழுக்கப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் நின்று பார்த்துக் கற்றது. அப்படிப்பட்டவன் தலையில் இப்படி ஒன்று தோன்றியதே என்று எனக்கு என்னைப் பற்றிப் பெருமை பிடிபடவில்லை.

அது ஆடி மாசம். சுவிட்சு மாட்டுகிற நாள் காலையில் தூத்துக்குடியில் ஒரு வீட்டாரை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி வந்திருந்தேன். அங்கே கழுத்து வரை டீசல் அடித்து, இங்கே வந்து மறுபடி கழுத்து வரை அடித்துப் பார்த்ததில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்திருந்தது. சாயங்காலம் சுவிட்சை மாட்டினேன். மறுநாள் காலையில் தூத்துக்குடிக்கே இன்னொரு சவாரி. எட்டயபுரம் தாண்டியதும் சுவிட்சை அமத்தினேன். வண்டி பூப்போல ஓடியது. அங்கே போய் அடித்துப் பார்த்தால் பதினைந்து. நம்ப முடியாமல் பங்க்குப் பையனிடம் மீண்டும் ஒருமுறை கழுத்தைப் பார்க்கச் சொன்னேன். பதினைந்துதான். அன்றைக்கு நான் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். நம் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்து சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. கூட வண்டி ஓட்டுகிற அந்தோணி மட்டும் 'எனக்கு மாட்டிக் குடுங்க அண்ணாச்சி' என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் மறுநாள் தூத்துக்குடிக்குத்தான் போனார். அவருக்கும் பதினைந்தை ஒட்டி வந்தது. அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். ஒரே மாசத்தில் ஸ்டாண்டில் இருந்த ஒன்பது வண்டிக்கும் மாட்டினேன். ஆயுத பூசைக்கு ஸ்டீயரிங்குக்கு வைக்கிற சந்தனத்தில் ஒரு பொட்டு அந்தச் சுவிட்சுக்கும் வைத்தார்கள். என் பெயர் போய் நான் 'சுவிட்சு அண்ணாச்சி' ஆனேன். கயத்தாற்றில் டீ குடிக்க இறங்கினால்கூட லாரிக்காரர்கள் கேட்பார்கள். நீ ஒன்பதாவது படித்தாய் அப்போது. அறிவியல் வாத்தியார் உன்னை எழுப்பி உங்கப்பா செய்ததைச் சொல்லு என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அந்தப் பார்வையும் ஒரு காரணம். உன்மேல் பழி போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நம் ஊர்க்காரன் எவனிடம் சொன்னாலும் கைகொட்டிச் சிரிப்பான். ஆடியில் நம் பக்கத்துக் காற்றை உனக்குத் தெரியும். செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புறப்பட்டு, கரிசல் காட்டில் மறிக்க ஒரு மேடு இல்லாமல், நேரே கிழக்கே கடலைப் பார்த்துப் போகிற காற்று. எதிரே சைக்கிள் மிதிக்க முடியாது. சோற்றுத் தட்டில் மண் விழும். கயத்தாற்றுக் காற்றாடிகள் எல்லாம் நிற்காமல் சுற்றும். நான் முதல் நாள் அளந்தது அந்தக் காற்றை எதிர்த்து, கடலோரத்திலிருந்து மேட்டைப் பார்த்து வந்த வண்டியை. மறுநாள் அளந்தது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, இறக்கத்தில் போன வண்டியை. மூன்று கிலோமீட்டர் கூடியதில் சுவிட்சுக்கு என்ன வேலை? கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்ததில் காற்று இருக்கிறதே நினைவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில் கிடந்தவனுக்கு அது தோன்றவில்லை என்றால், தோன்ற வேண்டாம் என்று இருந்திருக்கிறேன். ஸ்டாண்டில் எல்லாரும் மாட்டிய மறுநாள் தூத்துக்குடிக்கே போனோம். திரும்பி வரும்போது ஒருத்தரும் அளக்கவில்லை. நான் மட்டும் ஒரே ஒருமுறை திரும்பும்போது அளந்தேன். பதினொன்றரை வந்தது. பங்க்கில் அளவு குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

பங்குனியில் காற்று செத்துக் கிடக்கும். அப்போது ஒருநாள் சவாரி இல்லை. மனசு கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். சுவிட்சை அமத்திப் போகவும் வரவும் ஓட்டினேன். மறுநாள் சுவிட்சைப் போட்டுப் போகவும் வரவும் ஓட்டினேன். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. இருந்தால் ஒரு கைப்பிடி டீசல். அந்தக் கைப்பிடியும் பொய்தான், ஏனென்றால் பகல் முழுக்கப் பேட்டரியிலிருந்து தின்றதை ராத்திரி டைனமோ மறுபடி நிரப்பியாக வேண்டும், அதற்கு என்ஜின் டீசல் குடித்தாக வேண்டும். இவ்வளவு சின்ன விஷயம். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். நாளைக்கே ஸ்டாண்டில் சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்றேன். மறுநாள் போனால் கடம்பூரிலிருந்து ஒரு வேன்காரர் என் பெயரைக் கேட்டு வந்து காத்திருந்தார். அவருக்கும் மாட்டிக் கொடுத்து அனுப்பினேன். பொய் என்று தெரிந்தே மாட்டிய முதல் சுவிட்சு அது. பிறகு சித்திரை, வைகாசி என்று மாசங்கள் போய்க்கொண்டே இருந்தன. இன்றைக்குச் சொல்லலாம் என்று கிளம்புவேன். யாராவது 'வாங்க சுவிட்சு அண்ணாச்சி' என்பார்கள். அவ்வளவுதான், சிரித்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவேன்.

அந்த ஐப்பசியில் அந்தோணியின் வண்டி கவிழ்ந்தது உனக்குத் தெரியும். எப்படிக் கவிழ்ந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. தூத்துக்குடியில் சவாரியை இறக்கிவிட்டு மத்தியானம் தனியாகத் திரும்பியிருக்கிறார். காலையிலிருந்து சுவிட்சு அமத்தியபடியே இருந்திருக்கிறது. இடையில் நாலைந்து இடத்தில் நிறுத்தி நிறுத்தி எடுத்திருக்கிறார். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியிலிருந்துதான் போகும். எட்டயபுரத்துக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை எப்படி இருட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. வைப்பரைப் போட்டார், லைட்டைப் போட்டார். கொஞ்ச தூரத்தில் வைப்பர் சோம்பிச் சோம்பி ஆடி, கண்ணாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. எதிரே ஒரு கிடை ஆடு, மழைக்கு ஒதுங்க ரோட்டைக் கடக்கிறது, கூட ஆட்டுக்காரரும் அவர் பெண்டாட்டியும். ஹாரனை அமுக்கினால் சத்தம் வரவில்லை. அவர்கள்மேல் ஏற்றக்கூடாது என்று ஸ்டீயரிங்கை ஒடித்தார். நனைந்த கரிசல் மண் சும்மா விடுமா, சக்கரத்தைப் பிடித்து இழுத்து வண்டியைப் புரட்டிவிட்டது. ஆட்டுக்காரர்தான் அவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். உயிர் தப்பியது. வலது கால் முட்டுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மனுஷன் வண்டி ஓட்டவே இல்லை.

உன் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலைக் கட்டித் தூக்கிவைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'மழைக்குச் சுவிட்ச திருப்பிப் போட மறந்துட்டேன் அண்ணாச்சி. நல்ல பொருளுக்கு என்னால கெட்ட பேரு' என்றார். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அது நல்ல பொருளே இல்லை, அது உம் வண்டியில் இருந்திருக்கவே வேண்டாம், எனக்கு எட்டு மாசமாகத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ஒடம்பப் பாரும்' என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டவன்போல அவர் தலையைத் தடவிக்கொடுத்தேன். பஸ்ஸில் திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் அம்மா, 'அவரு மன்னிப்பு கேக்காரு, நீங்க குடுத்துட்டு வாரிய' என்றாள்.

ஸ்டாண்டில் நான் என்ன செய்தேன் என்றால், புது பேட்டரிகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு கதை கட்டினேன். ஒவ்வொருவர் வண்டியாக வாங்கி, சுவிட்சைக் கழற்றி, வயரை ஒட்டிக் கொடுத்தேன். கடம்பூர் வேனையும் தேடிப் போய்க் கழற்றினேன். அதோடு பாவம் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். சுவிட்சு போயிற்று, கதை போகவில்லை. அண்ணாச்சி கண்டுபிடித்தது நல்ல பொருள், அந்தோணி கவனமில்லாமல் கெடுத்தார் என்றுதான் ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். பாலிடெக்னிக் முடித்துக் கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், அந்தப் பேச்சை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறாய். நீ வேலையை விட்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். களைப்பாக இருக்கிறது தம்பி, வேறென்ன சொல்ல. பொய்யைத் தூக்கிக்கொண்டு நடந்த களைப்பு முட்டுவலியைவிடப் பெரிசு.

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். இது வேறப்பா, இதில் சிப்பு இருக்கிறது, தானாக அமத்தும், வைப்பர் போட்டால் தானாகப் போட்டுக்கொள்ளும், புதுக் கார்களில் கம்பெனியிலேயே இந்த மாதிரி வருகிறது என்பாய். இருக்கலாம். அவர்கள் பிரேக் பிடிக்கும்போது வீணாகிற வேகத்தை வைத்துப் பேட்டரியை நிரப்புகிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அது வேறு கணக்கு. உன் பெட்டி அதைச் செய்கிறதா? என் சுவிட்சு செய்ததைத்தான் சிப்பு வைத்துச் செய்கிறது. சிப்பு மறக்காது, ஒப்புக்கொள்கிறேன். அந்தோணிக்கு நடந்தது உன் ஆட்களுக்கு நடக்காமலே போகலாம். ஆனால் டீசல் மிச்சமாகிறதா என்பதுதானே நீ விற்கிற பொருள்? பெட்டியைச் சோதித்து நீ அனுப்பிய வீடியோவை உன் அம்மா தூங்கின பிறகும் போட்டுப் பார்த்தேன். பெட்டி இல்லாமல் தாராபுரத்திலிருந்து பல்லடத்துக்கு வந்திருக்கிறாய். பெட்டியை மாட்டி பல்லடத்திலிருந்து தாராபுரத்துக்குப் போயிருக்கிறாய். மாசம் ஆடி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காற்றாடிகள் சுற்றுகின்றன. தென்னை மட்டைகள் எல்லாம் உன் கார் போகிற பக்கமே வளைந்து கிடக்கின்றன. நீ கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்கிறாய். அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் முட்டாள்தனத்தைக்கூட எழுத்துப் பிசகாமல் வாங்கியிருக்கிறாயே ஐயா.

போன வாரம் அந்தோணியைப் பார்க்கப் போனேன். ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வாட்ச்மேனாக இருக்கிறார், காலை நீட்டி ஸ்டூலில் வைத்துக்கொண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். ஆடிக்காற்று, பங்குனி, எட்டு மாசம், ஆஸ்பத்திரியில் நான் தலையைத் தடவினது எல்லாம். அவர் வாசலுக்கு வந்த வண்டிக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, நொண்டிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். கோபப்படுவார், நாலு வார்த்தை திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

'வருஷா வருஷம் தவக்காலத்துல கோயில் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன் அண்ணாச்சி' என்றார். 'என் கவனக்கொறைவால ஒரு மனுஷன் பேரக் கெடுத்துட்டேன்னு சொல்லுவேன். மொதல்ல அத சொல்லிட்டுத்தான் மத்ததெல்லாம். இத்தன வருஷமா ஒங்க பாவத்த நான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.'

நான் அழுதேன் தம்பி. வாசலில் வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாம் பார்க்க, இந்த வயதில், அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. நான் கண்ணைத் துடைத்ததும், 'தம்பி கடை தொறக்கான்னு சொன்னாவளே, அவன்கிட்ட சொல்லியாச்சா?' என்றார். இல்லை என்றேன். 'அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? எங்காலு போயி முடிஞ்சிட்டுல்லா' என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் பேப்பர் கேட்டேன்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அதே காரை எடு. பெட்டியை மாட்டியபடி பல்லடத்திலிருந்து தாராபுரம் போ, அப்படியே திருப்பிக்கொண்டு வா. பிறகு பெட்டியைக் கழற்றிவிட்டு அதேபோல் போய்விட்டு வா. நான் சொன்னது தப்பு என்று வந்தால் எனக்கு அதைவிட சந்தோஷம் கிடையாது. வந்து நீ சொல்கிற பொத்தானை அமுக்குகிறேன். நான் சொன்னபடியே வந்தால் என் பேரை அழைப்பிலிருந்து எடுத்துவிடு. கடையை வேண்டுமானால் திற. டயருக்குச் சரியாகக் காற்று அடி, ஆக்சிலேட்டரில் காலை மெதுவாக வை, மேலே இருக்கிற கேரியரை இறக்கு என்று சொல்லிக் கொடு. டீசல் மிச்சமாவது அதில்தான், ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் வருவானோ என்னவோ. பம்பு கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்றும் எனக்குத் தெரியாது. உன் அம்மா, அவன் இங்கேயே வரட்டும் என்கிறாள். உன்னை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியவன் நான். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் முழுக்க வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் பழகிப் பார்க்கட்டும் என்று கால்டாக்சிக்காரர்கள் பதினொரு பேருக்கு முன்கூட்டியே மாட்டிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாயே, அவர்கள் விஷயத்தில் மட்டும் யோசித்துக்கொண்டிருக்காதே. பேட்டரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, புது மாடல் வருகிறது என்று நான் கட்டினதுபோல் கதை ஒன்றும் கட்டாதே. பதினொரு பேருக்கும் நீயே போன் போட்டு, நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொல்லு. ஒருத்தன் ஏசுவான், ஒருத்தன் சிரிப்பான், கேட்டுக்கொள். ஆவணி பாதி முடிந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் அவர்கள் ஒருத்தர் வண்டியிலும் அது இருக்கக் கூடாது.

அப்பா